மூன்றாவது லைசென்ஸ்

யாழ்ப்பாணத்தில், மருதனார்மடம் சந்தியிலிருந்து கூப்பிடு தூரத்தில், ஒரு மேல்மாடியில் இயங்கும் வடிவமைப்பு நிலையத்தில் பதினான்கு பொறியியலாளர்கள் வேலை செய்கிறார்கள். பாலம், மதகு, தண்ணீர்த் தாங்கி எதுவானாலும் கணக்குப் போட்டு வரைபடம் கீறித் தரும் மென்பொருள் ஒன்று அங்கே உண்டு. அதற்கு மூன்று லைசென்ஸ்கள். எந்தக் கணினியிலிருந்தும் திறக்கலாம். ஆனால் ஒரே நேரத்தில் மூன்று பேர்தான். நாலாவது ஆள் திறந்தால், இடமில்லை என்று ஒரு சிறிய பெட்டி திரையில் வந்து நிற்கும். யாராவது மூடினால் அடுத்தவருக்குக் கிடைக்கும். மினிபஸ்ஸில் ஒருவர் இறங்க, நின்றுகொண்டிருப்பவர் உட்காருவது போலத்தான்.

இதற்கு எந்தச் சட்டமும் தேவைப்படவில்லை. "தம்பி, முடிஞ்சுதோ?" என்று ஒருவர் கேட்பார். "ஓம் அண்ணை, தேத்தண்ணி குடிக்கப் போறன், எடுங்கோ" என்று மற்றவர் சொல்வார். மென்பொருள் வந்து ஆறு வருடம் நிலையம் இப்படியே ஓடியது. அங்கே நிர்வாகம் என்று ஒன்று நடப்பதே ஒருவருக்கும் தெரியாமல் இருந்தது. பணிப்பாளர் பிரகலாதனுக்கு அது நெடுநாள் மனக்குறை.

ஐப்பசி பிறந்து சில நாட்களில், ஒரு திங்கட்கிழமை காலை, நிவேதனா மென்பொருளைத் திறந்தாள். இடமில்லை. அவள் எழுந்து மண்டபத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். இரண்டு பேர் வேலை செய்துகொண்டிருந்தார்கள். திரும்பவும் சுற்றினாள். இரண்டு பேர்தான்.

"மூண்டாவது ஆரிட்டை?" என்று பொதுவாகக் கேட்டாள்.

எல்லாத் தலைகளும் இல்லை என்று ஆடின. ஆடிய தலைகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. நிலையத்தின் சரித்திரத்தில் அன்றுதான் முதல்முறையாக ஒருவர் தேத்தண்ணி குடிக்கப் போகும்போது தன் திரையை அணைத்துவிட்டுப் போனார்.

நிவேதனா மானிப்பாயிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவள். சேர்ந்து இரண்டு வருடம்தான். அவள் கையில் இருந்தது உரும்பிராயில் ஒரு மதகு. தெருவுக்கு அடியால் தண்ணீர் போக இருந்த, ஆடி மாதம் டிப்பர் லொறி ஒன்று ஏறி இடித்துவிட்ட சின்ன மதகு. அது அடைபட்டதால் மழைத் தண்ணீர் பக்கத்துக் குறுகலான ஒழுங்கைக்குள் திரும்பி, ஒழுங்கையிலிருந்து ஆழ்வாப்பிள்ளை என்பவர் வெங்காயம் நட்ட தறைக்குள் போய்க்கொண்டிருந்தது. நவம்பர் முப்பதுக்கு முன்னர் வரைபடம் பிரதேச சபைக்குப் போனால் இந்த வருட ஒதுக்கீட்டிலேயே கட்டலாம். போகாவிட்டால் அடுத்த மாரியும் ஆழ்வாப்பிள்ளைக்கு வெங்காயம் இல்லை. மொத்த வேலை மூன்று மணித்தியாலம்.

அந்த மூன்று மணித்தியாலம் கிடைக்கவில்லை. மூன்று லைசென்ஸ் இருந்தபோது மூடியவர்கள், இரண்டு ஆனதும் மூடுவதை நிறுத்தினார்கள். மூடினால் திரும்பக் கிடைக்காது என்ற பயம். ஒருவர் சோற்றுப் பார்சலை விசைப்பலகைக்குப் பக்கத்தில் வைத்துச் சாப்பிட்டார். மற்றவர் லீவு எடுத்த நாளிலும் கணினியை ஓடவிட்டு, கதிரையில் தன் மேற்சட்டையைப் போட்டுவிட்டுப் போனார்.

பணிப்பாளர் கூட்டம் கூட்டினார்.

"நான் ஒருத்தரையும் சந்தேகப்படேல்லை" என்று தொடங்கினார். "ஒருத்தரைச் சந்தேகப்பட்டால் அது பாரபட்சம். அதாலைதான் எல்லாரையும் விசாரிக்கப் போறன். உங்களிலை ஒராள் லைசென்ஸை ஒளிச்சு வைச்சிருக்கிறியள். இந்தமுறை நவராத்திரி வாணி விழாவை நாங்கள் எப்பிடிச் செய்தனாங்கள்? அளக்கிற கருவி, கல்குலேட்டர், எல்லாத்தையும் அம்பாளுக்கு முன்னாலை வைச்சுக் கும்பிட்டனாங்கள். கும்பிட்ட கையாலை களவெடுக்கலாமோ?"

அன்றே 'அனுமதிப்பத்திரப் பகிர்வு மற்றும் ஒழுக்கக் கண்காணிப்புக் குழு' பிறந்தது. தலைவர் பிரகலாதன். நம்பிக்கையான ஒருவர் கிடைக்கும்வரை செயலாளரும் பிரகலாதன்.

குழுவின் சுற்றுநிருபம் இலக்கம் ஒன்றின்படி மேசைகள் எல்லாம் வட்டமாகத் திருப்பி வைக்கப்பட்டன. ஒவ்வொருவரும் தனக்கு முன்னால் இருப்பவரின் முதுகையும் திரையையும் பார்க்கலாம். கால்மணிக்கொருதரம் அந்தத் திரையில் என்ன தெரிகிறது என்று கொப்பியில் எழுத வேண்டும். சுற்றுநிருபம் இரண்டு இன்னும் நுணுக்கமானது. இடமில்லை என்ற பெட்டி திரையில் வந்தால் அதை வாசித்துக்கொண்டிராமல் உடனே மூடிவிட்டுக் குழுவுக்கு அறிவிக்க வேண்டும். வாசித்தால் மனம் கலங்கி வதந்தி பரவுமாம்.

நிவேதனாவின் முதுகைப் பார்க்கும் பொறுப்பு ஜெரோசனுக்கு வாய்த்தது. அவன் குருநகர்க்காரன், எதற்கும் சிரிப்பவன். சிரிக்கிறான் என்பதற்காகவே முதல் வாரம் இரண்டு தரம் விசாரிக்கப்பட்டான்.

"ஏன் காணும் சிரிக்கிறீர்? உம்மட்டையோ லைசென்ஸ்?"

"இல்லை சேர்."

"அப்ப இல்லாத ஆள் என்னத்துக்குச் சிரிக்கிறது?"

ஜெரோசன் அதற்கும் சிரித்தான். அந்தச் சிரிப்பும் குறிப்பேட்டில் பதிவாயிற்று.

விசாரணை நிலையத்தின் வாசலைத் தாண்டியது. பிரசவ லீவில் இருந்த சுபாஜினிக்குப் பதிவுத் தபாலில் கடிதம் போனது. அனுமதிப்பத்திரம் தங்கள் வசம் உள்ளதா என்பதை ஏழு நாட்களுக்குள் விளக்குக. சுபாஜினியின் பிள்ளை பிறந்து அன்றைக்குப் பதினோராம் நாள். தாயார்தான் பதில் எழுதினார். வீடு முழுக்கத் தேடியாயிற்று, தொட்டிலுக்குள்ளும் பார்த்தாயிற்று, அகப்படவில்லை, அகப்பட்டால் உடனே அனுப்புகிறோம். பணிப்பாளர் அந்தக் கடிதத்தைக் கோவையில் போட்டு, ஓரத்தில் 'தேடவேண்டிய அவசியம் ஏன் வந்தது?' என்று சிவப்பு மையால் எழுதினார்.

கார்த்திகை பிறந்தபோது நிலைமை வேறொரு கட்டத்துக்கு வந்திருந்தது. லைசென்ஸை வைத்திருப்பவர் மீதுதான் சந்தேகம் என்பதால், வைத்திருந்த இரண்டு பேரும் மூடிவிட்டார்கள். இப்போது இரண்டு இடம் சும்மா கிடந்தது. தொட ஆளில்லை. தொடுவதென்றால் குழுவிடம் விண்ணப்பிக்க வேண்டும். குழு செவ்வாய்க்கிழமைகளில் மட்டும் கூடும். ஒரு விண்ணப்பத்துக்கு இருபது நிமிடம்.

நிவேதனாவின் முறை நவம்பரின் மூன்றாவது செவ்வாயில் வந்தது. பணிப்பாளர் கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கையில் பிடித்தபடி பின்னால் நின்றார். மென்பொருள் திறந்து மதகின் கோவை ஏறப் பதினொரு நிமிடம் போயிற்று. மிச்ச ஒன்பது நிமிடத்தில் ஒரு பக்கச் சுவர் எழும்பியது.

"நேரம் முடிஞ்சுது. மூடும்."

"சேர், சேமிக்கேல்லை."

"சேமிக்கிறதுக்கு நீர் விண்ணப்பத்திலை எழுதேல்லையே."

எழும்பிய சுவர் விழுந்தது.

அடுத்த நாள் ஆழ்வாப்பிள்ளையே நேரில் வந்துவிட்டார். எழுபது வயது, மடித்துக் கட்டிய சாரம், முழங்கால்வரை செம்மண். கையில் ஒரு பைக்குள் அழுகிய வெங்காயம்.

"பிள்ளை, மதகு என்ன மாதிரி?"

"ஐயா, மூண்டு மணித்தியாலம் கிடைச்சால் முடிச்சிடுவன்."

"அதுக்கென்ன, நான் இருக்கிறன். செய்து முடி."

நிவேதனா லைசென்ஸ் என்றால் என்ன என்று விளங்கப்படுத்தினாள். ஆழ்வாப்பிள்ளை கவனமாகக் கேட்டார். "அப்ப ரெண்டு சும்மா கிடக்கு?"

"ஓம்."

"உனக்கு ஒண்டு வேணும்?"

"ஓம்."

"பிறகேன் பிள்ளை பாத்துக்கொண்டிருக்கிறாய்?"

அவளுக்கு அது அவ்வளவு நேராகத் தோன்றி அநேக நாளாகியிருந்தது. அதற்குள் சத்தம் கேட்டுப் பணிப்பாளர் வெளியே வந்தார்.

"ஐயா, கவலைப்படாதையுங்கோ. உங்கடை மதகு எங்கடை இதயத்திலை இருக்கு."

"இதயத்திலை வேண்டாம் தம்பி. உரும்பிராயிலை வையுங்கோ."

தம்பி என்று அழைக்கப்பட்டதைப் பணிப்பாளர் கேட்காதது போல் விட்டார். பையைப் பார்த்தார். "உதுக்குள்ளை என்ன?" பை திறந்து சோதிக்கப்பட்டது. லைசென்ஸ் இல்லை என்று உறுதியான பின்னர்தான் ஆழ்வாப்பிள்ளை படியிறங்க விடப்பட்டார். வெங்காயத்தை அவர் பணிப்பாளரின் வாசலிலேயே வைத்துவிட்டுப் போனார்.

நவம்பர் இருபத்துநாலாம் திகதி நிவேதனா இன்னொரு விண்ணப்பம் போட்டாள். அனுமதி கிடைத்தது, ஆனால் அதே நேரத்துக்கு மூன்று பேருக்குக் குழு அனுமதி கொடுத்திருந்தது. குழுவின் கணக்கில் லைசென்ஸ் இன்னும் மூன்றுதான். ஒன்று இல்லை என்று ஒப்புக்கொண்டால் நிலையத்துக்கு இழுக்கு. ஆகவே அவள் திரையில் மீண்டும் அந்தப் பெட்டி. சுற்றுநிருபப்படி உடனே மூடப் போனவளின் கை ஈரத்தில் வழுக்கி, பெட்டியின் அடியில் இருந்த 'விவரம்' என்ற பொத்தானில் பட்டது.

பெட்டி விரிந்தது. பாவனையில் உள்ளவை: இயந்திரம் 4, இயந்திரம் 11, இயந்திரம் 27.

ஒரு மாதம் கடந்த விசாரணையில் அந்தப் பொத்தானை ஒருவரும் அழுத்தவில்லை. அழுத்தக்கூடாது என்றுதானே சுற்றுநிருபம்.

பின்னால் ஜெரோசனின் கொப்பி சரசரத்தது. அவனும் பார்த்துவிட்டான். கணினி சும்மா கிடந்தால் திரையில் ஓடும் மீன் படத்தை நினைத்துக்கொண்டு எழுதினான்: '10.15. திரையில் மீன் நீந்துகிறது.'

இயந்திரங்களின் இருப்புப் பதிவேடு பிரதம எழுதுவினைஞர் செல்வநாயகியிடம் இருந்தது. முப்பது வருட சேவை. நாலு பணிப்பாளர்களை வரவேற்று மூன்று பேரை மாலை போட்டு அனுப்பியவர்.

"அக்கா, இருபத்தேழாம் இயந்திரம் ஆருடையது?"

செல்வநாயகி பதிவேட்டைத் திறக்கவே இல்லை. "அது லாப்டொப். வாணி விழாவுக்குக் குடுத்தது. திரும்பி வரேல்லை."

"எங்கை இருக்கு?"

"சேரின்ரை அலுமாரிக்குள்ளை. பட்டுச் சுத்தி."

நிவேதனா கதிரையை இழுத்து அருகில் போட்டாள். செல்வநாயகி குரலைத் தாழ்த்திக் கதையைச் சொன்னார். "எங்கடை ஆயுதம் மென்பொருள்தான், அதைத்தான் பூசையிலை வைக்கோணும் எண்டு சேர் ஒற்றைக்காலிலை நிண்டவர். கும்பத்தடியிலை நெட்வேர்க் வயர் இல்லை. கணினிக்குப் பொறுப்பாயிருந்த கஜீபன் சொன்னான், ஒரு லைசென்ஸை லாப்புக்குள்ளை இரவலா இறக்கினால் வயர் இல்லாமலும் திறக்கும் எண்டு. எத்தினை நாளுக்கு எண்டு கேட்டான். ஒரு நாள் காணும் எண்டன் நான். சேர் விடேல்லை. அம்பாளுக்குப் போய் ஒரு நாளோ, ஆகக் கூட எத்தினை எண்டு கேட்டார். தொண்ணூறு எண்டான். தொண்ணூறையும் போடும் எண்டிட்டார்."

"விஜயதசமிக்கு எடுக்கேல்லையே?"

"எல்லாரும் தங்கடை தங்கடை சாமானை எடுத்தினம். லாப்பை மட்டும் பிறகு வந்து எடுக்கிறன் எண்டு பூட்டி வைச்சிட்டுச் சேர் கொழும்புக்குப் போயிட்டார். வர, லைசென்ஸைக் காணேல்லை எண்டு பிரச்சினை. அந்த விசாரணையோடை அவருக்கு வேறை ஒண்டுக்கும் நேரமில்லை. கஜீபனும் அந்தக் கிழமையே கனடாவுக்குப் போயிட்டான்."

"அக்காவுக்கு உது முதலே தெரியுமோ?"

"லாப் இருக்கிற இடம் தெரியும். அதுக்குள்ளை லைசென்ஸ் இருக்கிற சங்கதி இப்ப நீர் கேக்கத்தான் ஓடுது. என்னை ஒருத்தரும் கேக்கேல்லையே. என்னட்டை லைசென்ஸ் இருக்கோ எண்டுதான் கேட்டவை."

"சேரிட்டைப் போய்ச் சொல்லுவமோ?"

"சொல்லும். ஆனால் அவர் முதல் என்ன கேப்பார் எண்டு யோசிச்சுப் பாத்திட்டுப் போம்."

நிவேதனா யோசித்தாள். உமக்கு எப்படித் தெரியும்? பெட்டியை வாசித்தேன். யார் வாசிக்கச் சொன்னது? லைசென்ஸை வைத்திருந்தவர் தப்பிவிடுவார். பெட்டியை வாசித்தவள் அகப்படுவாள். மதகு அப்படியே கிடக்கும்.

"இன்னும் ஆறு நாள்தான் அக்கா."

செல்வநாயகி மேசை லாச்சியை இழுத்தார். "வெள்ளிக்கிழமை சேர் யாழ்ப்பாணம் ரவுணிலை ஒரு பயிற்சிப் பட்டறைக்குப் போறார். பின்னேரம்வரை வரார்." லாச்சிக்குள் ஒரு சாவிக் கொத்துக் கிடந்தது. "அரசாங்க அலுமாரி எல்லாத்துக்கும் ரெண்டு திறப்பு, பிள்ளை."

பட்டறையின் பெயர் 'வேலைத்தளத்தில் பரஸ்பர நம்பிக்கை.' பிரகலாதன்தான் பாடம் நடத்தும் வளவாளர்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரைக்கு அலுமாரி திறந்தது. மஞ்சள் பட்டு, அதன்மேல் காய்ந்து கறுத்த செவ்வரத்தம்பூ. மூடியைத் திறந்தபோது திரைக்கு மேலிருந்த கமெராக் கண்ணில் சந்தனப்பொட்டு. விசைகளுக்கிடையே குங்குமம். என்டர் விசையை அழுத்தினால் இறங்கவில்லை; அடியில் ஒரு அவித்த கடலை ஒட்டிக் காய்ந்துபோயிருந்தது. நிவேதனா கையைக் கழுவிக்கொண்டு வந்து, செருப்பைக் கழற்றி, ஒருகணம் கண்ணை மூடினாள். "அம்மாளாச்சி, மதகுக்குத்தான்." பிறகு ஒரு ஊசியால் கடலையை எடுத்தாள்.

செல்வநாயகி கதவுக்கு வெளியே கதிரை போட்டு, அடுக்க வேண்டிய தேவையில்லாத கோவைகளை அடுக்கினார். மண்டபத்தில் ஜெரோசன், முன்னால் இருந்த வெறும் கதிரையைப் பார்த்துக் கால்மணிக்கொருதரம் 'மீன் நீந்துகிறது' என்று எழுதினான். ஒருதரம் சலிப்பில் மீனை மாற்றி 'திருக்கை' என்றும் எழுதினான்.

மூன்று மணித்தியாலமும் பத்து நிமிடமும் போயின. மதகு முடிந்தது. நிவேதனா கணக்கைக் கையால் இரண்டு தரம் சரிபார்த்தாள். அச்செடுத்தபோதுதான் வலது மூலையைக் கண்டாள். 'தயாரித்த இயந்திரம்: 27.' அழிக்கப் பார்த்தாள். மென்பொருள் விடவில்லை. அந்த நிலையத்தில் பொய் சொல்லாதது அது ஒன்றுதான்.

"வையும்" என்றார் செல்வநாயகி. "கையெழுத்துக்குப் போற அடுக்கிலை நடுவுக்குள்ளை வையும். பாக்காமல் கையெழுத்து வைச்சாலும் வைப்பார்."

அவர் பார்த்தார். திங்கட்கிழமை காலை பத்து மணிக்குப் பேனையோடு உயர்ந்த கை அப்படியே நின்றது. கதவு சாத்தப்பட்டது. அலுமாரி திறக்கும் சத்தம் கேட்டது. மூடும் சத்தம் கேட்க வெகுநேரமாயிற்று. அன்று முப்பதாம் திகதி. பிரதேச சபை நாலு மணிக்குப் பூட்டிவிடும். நிவேதனா ஒரு மணிவரை சாப்பிடவில்லை. யாரோ அலுமாரியைத் திறந்தார்கள் என்று பணிப்பாளர் சொன்னால் அவள் வேலை போகும். ஆனால் அதைச் சொல்வதற்கு முன்னர், அலுமாரிக்குள் என்ன இருந்தது என்பதை அவர் சொல்ல வேண்டும்.

ஒன்றரைக்குக் கூட்டம்.

"நான் ஒருத்தரையும் விசாரிக்கப் போறதில்லை" என்றார் பணிப்பாளர். வரைபடத்தை உயர்த்திக் காட்டினார். "இருபத்தேழாம் இயந்திரம் ஒரு மனிசற்றை கையிலையும் இல்லை. பூட்டின அலுமாரி. திறப்பு என்ரை பொக்கற்றுக்குள்ளை. அப்ப இந்த மதகை ஆர் கீறினது?"

பணிப்பாளர் தன் அறை அலுமாரியின் பக்கம் திரும்பிக் கைகூப்பினார்.

"நாங்கள் பூசையிலை வைச்சதை அம்பாள் ஏற்றுக்கொண்டா. ஏற்றுக்கொண்டு சும்மா இருக்கேல்லை. மூண்டாவது லைசென்ஸ் துலைஞ்சுது எண்டு நீங்கள் எல்லாரும் ஒருத்தரை ஒருத்தர் சந்தேகப்பட்டியள். அது எனக்கு மனவருத்தம். அது ஒருநாளும் துலையேல்லை. தகுதியான இடத்திலை ஒப்படைச்சிருந்தது. ஒப்படைச்சது நான்தான். என்னட்டை நேரகாலத்தோடை ஒருவார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பன்."

ஜெரோசன் கையை உயர்த்தினான். "சேர், அந்தக் கணக்கை ஒருக்காச் சரிபார்க்கிறேல்லையோ?"

"அம்பாள் போட்ட கணக்கை நான் சரிபார்க்கிறதோ? உமக்கென்ன விசரோ?"

கையெழுத்து விழுந்தது. மூன்று மணிக்கு நிவேதனா வரைபடத்தை நெஞ்சோடு அணைத்துப் பிடித்தபடி ஓட்டோவில் ஏறினாள். மூன்று நாற்பதுக்குப் பிரதேச சபையின் முத்திரை விழுந்தது. வெளியே வந்து ஆழ்வாப்பிள்ளைக்கு அழைத்தாள்.

"நல்லது பிள்ளை. ஆர் கீறினது? நீயோ?"

"கந்தோரிலை புதுசா வந்த ஒரு அம்மா, ஐயா."

"கெட்டிக்காரி போலை. அவவை விட்டிடாதையுங்கோ."

விடவில்லை. தொண்ணூறு நாள் முடிய இருந்தபோது மடிக்கணினியின் இரவலை மேலும் தொண்ணூறு நாள் நீடிக்கும்படி பணிப்பாளர் உத்தரவிட்டார். அதற்கு முன்னரே ஒருவர் பின் ஒருவராகச் செல்வநாயகியிடம் வரத் தொடங்கியிருந்தார்கள். "அக்கா, ஒரு தண்ணீர்த் தாங்கி, ஒன்றரை மணித்தியாலம்." "பணிப்பாளர் கூட்டத்துக்குப் போனாப் பிறகு வாரும். உமக்கு முன்னாலை ரெண்டு பேர்." முடிந்தவர் மூடிப் பட்டைச் சுற்றிவிட்டு வந்து, அடுத்தவரின் தோளில் தட்டுவார். ஆறு வருடம் ஓடியது போலவே அது மீண்டும் ஓடியது. ஒரு அலுமாரிக்குள் என்பதுதான் வித்தியாசம்.

மார்கழியில் அம்பாள் ஒன்பது வரைபடம் கீறினா. மற்றப் பதினான்கு பேரும் குழுவின் அனுமதியோடு கீறியது ஒன்றுமில்லை. பணிப்பாளர் இதைத் தலைமைக் காரியாலயத்துக்குப் பெருமையோடு அறிவித்தார். தையில் அம்பாளின் எண்ணிக்கை பதின்மூன்று ஆனது. அப்போதுதான் அவருடைய முகத்தில் பழைய களை திரும்பியது.

"ஒரு மாசத்திலை பதின்மூண்டு" என்றார் செல்வநாயகியிடம். "வாற நேரம் தெரியாது. போற நேரம் தெரியாது. வரவுப் பதிவேட்டிலை கையெழுத்து இல்லை. நான் சந்தேகப்படேல்லை. ஆனால் நாளைக்குக் கணக்காய்வு வந்து கேட்டால்?"

அம்பாளிடம் ஏழு நாட்களுக்குள் விளக்கம் கோரும் கடிதம் தயாராகி, ஒரு செவ்வரத்தம்பூவோடு மடிக்கணினியின்மேல் வைக்கப்பட்டது.

உரும்பிராயில் மதகுக்குக் கொங்கிரீட் போட்ட அன்றைக்குத்தான் அந்த விளக்கத்தை எழுத வேண்டியிருந்தது. தேத்தண்ணி அறையில் எல்லாரும் கூடினார்கள்.

"நான் எழுதுறன்" என்றான் ஜெரோசன். "இண்டைக்கு என்ரை முறைதானே."

"வேலைப்பளு எண்டு எழுதும்" என்றாள் நிவேதனா. "அவவட்டை இருக்கிறது ஒரேயொரு இயந்திரம். அதிலை கிடந்து மாயிறதாலை கையெழுத்து வைக்க நேரமில்லை எண்டு."

செல்வநாயகி கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தார். "கீழை ஒரு வேண்டுகோளும் வையும். சும்மா கிடக்கிற மற்ற ரெண்டு லைசென்ஸையும் ரெண்டு லாப்பிலை இறக்கி அதே அலுமாரிக்குள்ளை வைச்சுத் தரட்டாம்."

விளக்கம் ஏழாம் நாள் பட்டுக்கு மேலே இருந்தது. அடிமூலையில் இயந்திரம் 27. பணிப்பாளர் எழுந்து நின்று வாசித்தார். செவ்வாய்க்கிழமைக்குக் காத்திராமல் குழு அனுமதித்த முதல் விண்ணப்பம் அதுதான். இருபது நிமிடத்துக்கு அல்ல, தொண்ணூறு நாளுக்கு.